லைசென்ஸ் இல்லாமல் பறக்கலாம்: அமெரிக்காவின் பார்ட் 103 அல்ட்ராலைட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மீன் பிடிக்கக்கூடப் பல மாநிலங்களில் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் அல்ட்ராலைட் எனப்படும், 115 கிலோ எடையுள்ள ஒற்றை இருக்கை விமானம் ஒன்றை வாங்கி, ஒரு விவசாயியின் புல்வெளியிலிருந்து கிளம்பி, ஆயிரம் அடி உயரத்தில் சுற்றிவிட்டு வர எந்த லைசென்ஸும் வேண்டாம். மருத்துவச் சான்றிதழ், பதிவு எண், தேர்வு எதுவும் கிடையாது. முதல்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. எஃப்ஏஏ எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதித்தொகுப்பில் பார்ட் 103 என்ற சின்னப் பகுதி இதை அனுமதிக்கிறது. உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

இங்கே வேலைக்கு வந்த தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதால் முறையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். தரையில் நிற்பவர்களையும், அதே வானத்தில் வேறு விமானங்களில் பறப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இந்த விதி எழுதப்பட்டது. ஓட்டுபவர் தனியாகப் பறக்கிறார், ஆபத்து தெரிந்தே ஏறுகிறார் என்று அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் உயிரைப் பற்றி அதில் அநேகமாக ஒரு வரிகூடக் கிடையாது. லைசென்ஸ் வாங்கும் விமானியை அரசு கட்டாயப்படுத்திச் செய்யவைக்கும் பயிற்சி, பரிசோதனை, பராமரிப்பு எல்லாவற்றையும் இங்கே நீங்களே உங்களைக் கட்டாயப்படுத்திச் செய்துகொள்ள வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

விதி எப்படி வந்தது

1970-களில், இறக்கையின் கீழ் தொங்கியபடி எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் ஹேங் கிளைடர் பிரபலமானது. மலையே இல்லாத சமவெளி மாநிலங்களில் இருந்தவர்கள் அதில் சின்ன எஞ்சினைக் கட்டிப் பார்த்தார்கள். 1976-ல் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் ஜான் மூடி என்பவர் எஞ்சின் பூட்டிய ஹேங் கிளைடரைத் தோளில் தாங்கி, காலால் ஓடிக் கிளம்பிப் பறந்து காட்டினார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு இதில் இறங்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் இருக்கையும் சக்கரமும் வந்தன, வேகமும் எடையும் கூடின. எஃப்ஏஏ ஒரு கோடு போட வேண்டியதாயிற்று. 1982 அக்டோபரில் பார்ட் 103 நடைமுறைக்கு வந்தது. இந்த வண்டிகளை அந்த விதி விமானம் என்றே குறிப்பிடுவதில்லை, ‘வெகிக்கிள்’ என்றுதான் சொல்கிறது. நாமும் வண்டி என்றே சொல்வோம்.

படி 1: உங்கள் வண்டி உண்மையிலேயே 103-க்குள் வருகிறதா?

எஞ்சின் உள்ள வண்டிக்கு நிபந்தனைகள் இவை: ஒரே ஒருவர்தான் ஏறலாம். பொழுதுபோக்குக்கோ விளையாட்டுக்கோ மட்டுமே பறக்கலாம். காலி எடை 254 பவுண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். டாங்கின் கொள்ளளவு 5 அமெரிக்க கேலனைத் தாண்டக் கூடாது. முழு த்ராட்டிலில், அதாவது எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மட்டமாகப் பறக்கும்போது 55 நாட் (knot) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டருக்கு மேல், போகக் கூடாது. எஞ்சின் அணைந்த நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை வண்டியைத் தாங்க முடியாமல் போகும் வேகம், 24 நாட் அளவுக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் இல்லாத ஹேங் கிளைடர், பாராகிளைடருக்கு ஒரே கணக்குதான்: 155 பவுண்டுக்குக் குறைவு.

எடை விஷயத்தில்தான் பெரும்பாலானோர் மாட்டுகிறார்கள். பெட்ரோல் காலி எடையில் சேராது. மிதவைகளும் ஆபத்தில் விரியும் பாராசூட்டும் கழித்துக்கொள்ளப்படும். பாராசூட்டுக்கு 24 பவுண்டு வரை எஃப்ஏஏ ஏற்கிறது. மற்றபடி பிரேக், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர், அதற்கான பேட்டரி, காற்றுத் தடுப்புக் கண்ணாடி என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். பழைய வண்டியை வாங்கும்போது முந்தைய சொந்தக்காரர் பெரிய எஞ்சின் மாற்றியிருப்பார், தடித்த டயர் போட்டிருப்பார். விளம்பரத்தில் மட்டும் ‘103 லீகல்’ என்று இருக்கும். நம்பாதீர்கள். மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்து, டாங்கைக் காலி செய்து, நீங்களே எடை போடுங்கள். அந்தத் தராசு எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். எஃப்ஏஏ அதிகாரி கேட்டால், வண்டி 103-க்குள் அடங்குகிறது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. விதியே அப்படித்தான் சொல்கிறது.

எடை கூடிவிட்டால் என்ன ஆகும்? அந்த நிமிடமே அது பதிவு செய்யாத விமானம், நீங்கள் லைசென்ஸ் இல்லாத விமானி. ‘கொஞ்சம்தானே கூட’ என்பதற்கு விதியில் இடம் இல்லை.

‘பொழுதுபோக்குக்கு மட்டும்’ என்பதையும் லேசாக எடுக்காதீர்கள். காசுக்கு நிலத்தைப் படம் எடுத்துக் கொடுப்பது, பேனர் இழுப்பது, வயலுக்கு மருந்து தெளிப்பது எல்லாம் வெளியே. உங்கள் சொந்த வயலுக்குத் தெளித்தாலும் அப்படித்தான்.

படி 2: பயிற்சி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகப் பயிற்சி இல்லாமல் ஏறாதீர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. 103 வண்டியில் ஒருவர்தான் ஏறலாம் என்பதால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார முடியாது. முன்பு பயிற்சிக்காக இரண்டு இருக்கை வண்டிகளுக்கு விலக்கு இருந்தது. 2008 ஜனவரியோடு அது முடிந்துவிட்டது. இப்போது இரண்டு இருக்கை என்றால் பதிவு எண் உள்ள விமானமும் சான்று பெற்ற பயிற்றுநரும் வேண்டும். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள், கிடைப்பார்கள். நீங்கள் ஓட்டப்போகும் வண்டிக்கு நெருக்கமான, இலகுவான விமானத்தில் கற்றுத்தருபவராக இருந்தால் நல்லது. முடிந்தால் சிறு விமானம் ஓட்டுவதற்கான ஸ்போர்ட் பைலட் சான்றிதழ் வரை போய்விடுங்கள்; விதிப்படி அதற்குக் குறைந்தபட்சம் 20 மணி நேரப் பறப்பு போதும், கார் லைசென்ஸே மருத்துவத் தகுதியாகச் செல்லும். எத்தனை மணி நேரம் ஆனாலும், ‘இனி நீ தனியாகப் போகலாம்’ என்று பயிற்றுநர் வாயால் கேட்கும்வரை உங்கள் வண்டியைத் தரையிலிருந்து எழுப்பாதீர்கள்.

நம் ஆட்களுக்கு முக்கியமான ஒரு குறிப்பு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு இருந்தாலும், விமானப் பயிற்சி தொடங்குமுன் டிஎஸ்ஏ எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். ஒருமுறை சும்மா ஏறிப் பார்க்கும் அறிமுகப் பறப்புக்கு அது தேவையில்லை. விசாவில் இருப்பவர்கள் இதைத் தவறவிட்டு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

செஸ்னா போன்ற வழக்கமான விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு: உங்களுக்கும் பயிற்சி தேவைதான். கனமான விமானத்தில் எஞ்சின் நின்றால் வேகம் மெதுவாகக் குறையும், யோசிக்கச் சில நொடிகள் கிடைக்கும். அல்ட்ராலைட் என்பது பஞ்சு போன்ற எடை, வெளியே தெரியும் குழாய்களும் கம்பிகளும், முகத்தில் மோதும் காற்று. த்ராட்டிலை மூடியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் இறங்கிவிடும். அந்த நொடியிலேயே மூக்கைக் கீழே தள்ள வேண்டும். செஸ்னாவில் ஆயிரம் மணி நேரம் பறந்த கை ‘கொஞ்சம் பொறு’ என்று தயங்கும். தயங்கினால் ஸ்டால்.

திரும்பும்போதும் இதே எச்சரிக்கை. மட்டமாகப் பறக்கையில் 24 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் வண்டி, உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது சுமார் 28.5-லும், 60 டிகிரியில் சுமார் 34-லும் ஸ்டால் ஆகும். இறங்கும் முன் வரும் கடைசித் திருப்பத்தில், ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கை இழுப்பார்கள். அப்போது ஒரு இறக்கை விழுந்தால் மீட்க உயரம் இருக்காது. தாண்டிவிட்டால் தாண்டியதாகவே இருக்கட்டும், த்ராட்டிலைக் கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள்.

படி 3: பழைய வண்டி வாங்கும்போது

குவிக்சில்வர், கோல்ப் ஃபயர்ஃப்ளை, சிஜிஎஸ் ஹாக் போன்ற வண்டிகள் பழையதாகக் கிடைக்கும். இறக்கைத் துணியை முதலில் பாருங்கள். டேக்ரான் துணியை அரிப்பது சூரியன்தான். வெளியில் நிறுத்தியிருந்த வண்டியின் துணி பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் வலு போயிருக்கும். துணியின் வலுவைச் சோதிக்கும் சின்னக் கருவி இருக்கிறது. விற்பவர் அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வளைந்த அலுமினியக் குழாயை யாரேனும் நிமிர்த்தியிருந்தாலும் அப்படியே.

எஞ்சின் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். ராட்டாக்ஸ் 447, 503 போன்றவற்றுக்கு 300 மணி நேரத்தில் முழுப் பிரிப்பு வேலை உண்டு. மணிக்கணக்கு எழுதிய நோட்டு இல்லை என்றால், எஞ்சினைப் பிரித்துச் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படி 4: எங்கே பறக்கலாம்

செக்ஷனல் சார்ட் எனப்படும் வான்வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் கிளம்பக் கூடாது. அதில் வான்வெளி ‘கிளாஸ்’ எனும் வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: நீலத் தொடர்கோடு கிளாஸ் பி, மெஜந்தா தொடர்கோடு கிளாஸ் சி, விட்டுவிட்டு வரும் நீலக் கோடு கிளாஸ் டி, விட்டுவிட்டு வரும் மெஜந்தா கோடு தரை வரை இறங்கும் கிளாஸ் ஈ. ஒரு விமான நிலையத்துக்காகக் குறிக்கப்பட்ட இந்த இடங்கள் எதற்குள்ளும் கட்டுப்பாட்டு மையத்தின் முன் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. மெஜந்தா நிறம் மங்கலாக விரிந்திருக்கும் பட்டை வேறு: அதற்குள் கிளாஸ் ஈ 700 அடியிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே அனுமதி வேண்டாம், ஆனால் பார்வைத் தூரக் கணக்கு மாறும். கட்டுப்பாடில்லாத கிளாஸ் ஜி-யில், தரையிலிருந்து 1,200 அடிக்குள், ஒரு மைல் தெளிவாகத் தெரிந்து மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். கிளாஸ் ஈ-யில் மூன்று மைல் தெரிய வேண்டும். மேகத்துக்கு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும்.

குடியிருப்புகள் நெருக்கமான பகுதிக்கு மேலும், திறந்தவெளியில் கூடிய கூட்டத்துக்கு மேலும் பறக்கவே கூடாது. எத்தனை வீடு இருந்தால் ‘நெருக்கம்’ என்று விதியில் எண் இல்லை. எஃப்ஏஏ ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்யும். என் வழி எளிது: எஞ்சின் நின்றால் யார் வீட்டுக் கூரையிலாவது விழ வேண்டியிருக்குமா? ஆம் என்றால் அந்தப் பக்கம் போவதில்லை.

தற்காலிகத் தடைகளை ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் பாருங்கள். எஃப்ஏஏ-வின் தடைகள் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, விமானிகளுக்குத் தகவல் தரும் ஃப்ளைட் சர்வீசுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. ஸ்டேடியம் தடை பலருக்குத் தெரியாது. 30,000 பேரோ அதற்கு மேலோ அமரும் ஸ்டேடியத்தில் மேஜர் லீக் பேஸ்பால், என்எஃப்எல், பெரிய கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நடந்தால், தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை மூன்று கடல் மைல் ஆரத்துக்குள், 3,000 அடி உயரம் வரை யாரும் வரக் கூடாது. பல்கலைக்கழக ஊரில் இருப்பவர்கள் இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். வாஷிங்டன் பக்கம் இன்னும் கடுமை. 2015 ஏப்ரல் 15 அன்று ஒரு தபால்காரர் சின்ன கைரோகாப்டரில் பறந்து நாடாளுமன்றக் கட்டடத்துப் புல்வெளியில் இறங்கினார். பிறகு 120 நாள் சிறைத் தண்டனை பெற்றார்.

வழி விடும் முறை எளிது: எல்லா விமானங்களுக்கும் நீங்கள்தான் வழி விட வேண்டும். எஞ்சின் உள்ள அல்ட்ராலைட், எஞ்சின் இல்லாததற்கும் வழி விட வேண்டும்.

படி 5: எப்போது பறக்கலாம்

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை. மூன்று மைலுக்குத் தெரியும் மோதல்தடுப்பு விளக்கு இருந்தால், கட்டுப்பாடில்லாத வான்வெளியில் முன்னும் பின்னும் அரை மணி நேரம் கூட. அவ்வளவுதான் விதி.

ஆனால் விதி அனுமதிக்கும் நேரம் எல்லாம் பறக்க ஏற்ற நேரம் ஆகாது. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் தரை சூடாகி, உழுத வயலிலிருந்தும் தார்ச் சாலையிலிருந்தும் காற்று குபுகுபுவென்று எழும்பும். அதில் இந்த எடைக்குறைவான வண்டி பரிசல் மாதிரி ஆடும். மரவரிசைக்கும் கொட்டகைக்கும் பின்னால் காற்று சுழலும், அங்கே தாழ்வாக இறங்காதீர்கள். புதியவர்கள் முதல் ஆண்டு முழுக்க விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மாலையில் காற்று அடங்கிய பிறகும் மட்டும் பறந்தால் போதும். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் தொய்ந்து தொங்க வேண்டும்.

படி 6: கிளம்பும் முன் சோதனை

பெட்ரோலிலிருந்து தொடங்குவோம். டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் 5 கேலனுக்குச் சுமார் 380 மில்லி. கலந்த கேனுக்கு உடனே சீட்டு ஒட்டி, தேதி எழுதுங்கள். எண்ணெய் கலக்காத கேனும் கலந்த கேனும் ஒரே நிறத்தில் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. எண்ணெய் இல்லாத பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் இறுகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயைக் கெடுக்கும். எத்தனால் இல்லாதது கிடைக்கும் பெட்ரோல் பங்க்கை அறிந்து வையுங்கள். கிளம்புமுன் எஞ்சினை நன்றாகச் சூடேற விடுங்கள். குளிர்ந்த எஞ்சினுக்கு முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் சீக்கிரம் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வண்டியைச் சுற்றி வாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே திசையில். நான் இடது முன்சக்கரத்தில் தொடங்குவேன். கையில் ஒரு பழைய பருத்தித் துணி. தாங்கு கம்பிகள் ஒவ்வொன்றின் மீதும் அந்தத் துணியை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுப்பேன். ஒரு இழை அறுந்திருந்தால் துணியில் மாட்டும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். வெறுங்கையால் இழுத்தால் விரல் கிழியும். கம்பி முனையில் வளையம் நசுங்கியிருக்கிறதா, போல்ட் மரையில் நட் தாண்டி இரண்டு சுற்றாவது தெரிகிறதா, பூட்டுப் பின் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்த இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து வாருங்கள்.

ஒருநாள் இப்படிப் பேச்சுக் கொடுத்தவரை அனுப்பிவிட்டு மறுபடி தொடங்கியபோதுதான், இரண்டாவது சுற்றில், வால்பகுதி போல்ட் ஒன்றில் பூட்டுப் பின் இல்லாததைக் கண்டேன். முதல் சுற்றில் அந்த இடத்தைத் தாண்டியிருந்தேன். முந்தைய நாள் நான்தான் கழற்றியிருந்தேன்.

படி 7: எஞ்சின் நிற்கும்

‘நின்றால்’ என்று எழுதவில்லை, ‘நிற்கும்’ என்று எழுதுகிறேன். ராட்டாக்ஸ் டூ ஸ்ட்ரோக்குகளின் கையேட்டிலேயே, இந்த எஞ்சின் அதன் வடிவமைப்பின்படி திடீரென்று நிற்கக்கூடியது என்று எச்சரிக்கை இருக்கிறது. எனக்கு ஒருமுறை 600 அடியில் நின்றது. எரிபொருள் குழாய் கவ்வி இருந்த இடத்தில் விறைத்து வெடித்து, பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. கீழே அறுவடை முடிந்த புல்வெளி இருந்தது. இறங்கிவிட்டேன். அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த வெளியை எஞ்சின் நிற்கும் முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

கணக்கு இதுதான். இந்த வண்டிகள் பல, ஒரு அடி இறங்க ஐந்தாறு அடிதான் முன்னே போகும். 500 அடியில் நின்றால் ஒரு கிலோமீட்டர்கூட எட்டாது. திரும்பவும் காற்றை எதிர்க்கவும் செலவாவதைக் கழித்தால் இன்னும் குறையும். அதனால் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் ‘இப்போது நின்றால் எங்கே?’ என்ற கேள்விக்குக் கையோடு பதில் இருக்க வேண்டும். காட்டுக்கு மேலும் அகலமான ஏரிக்கு மேலும் அந்தப் பதில் இருக்காது. கிளம்பி ஏறும்போதே நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயலாதீர்கள். மூக்கைத் தள்ளி, நேரே முன்னால் இறங்குங்கள். வயலில் இறங்கும்போது மின்கம்பி கண்ணில் படாது, கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

பாராசூட், பாராமோட்டார், இன்ஷூரன்ஸ்

ராக்கெட்டால் வெடித்து விரியும் பாராசூட் வாங்குங்கள். 1980-ல் மின்னசோட்டாவில் போரிஸ் போபோவ், ஹேங் கிளைடர் விபத்திலிருந்து தான் தப்பிய பிறகு தொடங்கிய பிஆர்எஸ் நிறுவனம்தான் இதில் முன்னோடி. தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில் பாராசூட்டை மறுபடி மடித்து வைக்கவும் ராக்கெட்டை மாற்றவும் வேண்டும். வெடிக்காத ராக்கெட் மீட்புக்கு வருபவர்களைக் கொல்லக்கூடும் என்பதால், வண்டியின் பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டு தெளிவாக இருக்க வேண்டும்.

முதுகில் எஞ்சின் கட்டிப் பறக்கும் பாராமோட்டாரும் இதே விதிக்குள்தான் வருகிறது. அதில் இரண்டு ஆபத்து தனி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது சுழலும் புரொப்பெல்லரில் கை போவது ஒன்று. தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து விழுந்து, எஞ்சின் எடையோடு மூழ்குவது இன்னொன்று. ஏரிப் பக்கம் போவதானால், நீரில் பட்டதும் தானே ஊதும் மிதவையைச் சேணத்தில் கட்டுங்கள்.

வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பறப்பதால் வரும் சேதத்தை ஏற்காது. ஆயுள் காப்பீட்டில் தனியார் பறப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்து வைத்து வாசியுங்கள், மனைவியையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. யுனைடெட் ஸ்டேட்ஸ் அல்ட்ராலைட் அசோசியேஷன் போன்ற அமைப்பில் சேர்ந்தால் வழிகாட்டுபவர்களும் கிடைப்பார்கள்.

கடைசியாக, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் தரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி எவ்வளவு பொறுத்து 911-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அது முப்பது நிமிடம். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே நான் வீட்டுக்கு அனுப்பும் செய்தி ஒரே சொல்தான்: இறங்கிட்டேன்.